துணைவேந்தர்களுக்கு ஏற்கெனவே மாலைகள் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கம் விளையாட்டு, கல்வி, பொதுப்பணி ஆகிய மூன்று துறைகளில் சாதித்த பழைய மாணவர்களுக்கு இந்த ஆண்டு முதல் விருது தருகிறது. தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன். விளையாட்டில் பதக்கத்தைப் பார்த்து முடிவு செய்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் என்ன அளவுகோல்? கல்விக்கு வந்த பரிந்துரைகள் எல்லாமே துணைவேந்தர்கள், இயக்குநர்கள். மறைந்தவர்களுக்கும் தரலாமா? பணமுடிப்பு தேவையா?

கே.

அன்புள்ள கே.,

பணமுடிப்பு உங்கள் சங்கத்தின் கையிருப்பைப் பொறுத்தது. மறைந்தவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். பொதுப்பணியில், இப்போது பதவியில் இருப்பவர் யாரையும் தொடாதீர்கள். நாளை அவரிடம் ஒரு கையெழுத்துக்காக நிற்க வேண்டியவர்கள் இன்று அவருக்குப் போடும் சால்வைக்கு மரியாதை கிடையாது. ஓய்வு பெறட்டும், பார்க்கலாம்.

பதக்கத்தைப் பார்த்து முடிவு செய்துவிடலாம் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை வில்மா ருடால்ஃப் மூன்று தங்கம் வென்றார். சிறு வயதில் போலியோ வந்து, காலில் பட்டை மாட்டிக்கொண்டு நடந்த பெண். மூன்றாவது தங்கம் 4x100 மீட்டர் தொடரோட்டத்தில் கிடைத்தது. அந்த அணியின் நால்வருமே டென்னசி மாநிலப் பல்கலைக்கழக மாணவிகள். மற்ற மூவரான மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ் ஆகியோரின் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? லூசிண்டா வில்லியம்ஸ் பிறகு ஆசிரியையாகி, நெடுங்காலம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தார். அவர் உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள்?

அவர்களின் பயிற்சியாளர் எட் டெம்பிள். அதே பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே சமூகவியல் பாடமும் நடத்தியவர். கறுப்பினத்தவரை வழியோர உணவகங்களில் உட்கார விடாத காலத்தில், தன் சொந்தக் காரில் மாணவிகளை ஏற்றிக்கொண்டு போட்டிகளுக்குப் போனார். அவரிடம் பயின்ற 40 பேர் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஓடினால் மட்டும் போதாது, பட்டமும் வாங்கியே தீர வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். கிட்டத்தட்ட எல்லோருமே வாங்கினார்கள். பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த மனிதர் கண்ணிலேயே படமாட்டார்.

கல்விப் பிரிவில் நீங்கள் செய்திருப்பதும் இதேதான். துணைவேந்தர்கள் மட்டுமே வந்திருக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். வேறு யார் வருவார்கள்? உங்கள் படிவத்தில் 'வகித்த பதவிகள்' என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கும். முப்பது ஆண்டுகள் ஒரே வகுப்பறையில் நின்றவர் அதில் என்ன எழுதுவார்?

எனக்கு அப்படி ஒருவர் பாடம் நடத்தினார். விடைத்தாளைப் பென்சிலால்தான் திருத்துவார். தப்பைச் சுழித்து, ஓரத்தில் சின்ன எழுத்தில் 'இந்த இடத்தில் என்ன நினைத்தாய்?' என்று எழுதுவார். மறுநாள் அவரிடம் போய்ப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லி முடித்ததும் அந்தக் குறிப்பை நம்மையே அழிக்கச் சொல்வார். நான் எழுத்தாளனானதில் அந்தக் கேள்விக்குப் பெரும் பங்குண்டு. அவர் துறைத் தலைவராகக்கூட ஆனதில்லை. அவர் படித்ததும் பாடம் நடத்தியதும் ஒரே கல்லூரி. அங்கே ஆண்டுதோறும் பழைய மாணவர்களைக் கூப்பிட்டுக் கௌரவித்தார்கள். அவரை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கேட்டதற்கு, 'பரிந்துரை எதுவும் வரவில்லையே' என்றார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் குழுவும் நாளைக்கு இதே பதிலைத்தான் சொல்லப்போகிறது, கே.

பரிந்துரை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் செல்வாக்குள்ளவர்களுக்குத்தான் வரும். தேடிப் போவது உங்கள் வேலை. கடைசித் தேதியை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். பழைய மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: நம் பல்கலைக்கழகத்தில் படித்து ஆசிரியரானவர்களில், உங்களையோ உங்கள் பிள்ளைகளையோ ஆளாக்கியவர் யார், அவர் என்ன செய்தார்? அவர் வகித்த பதவியைக் கேட்காதீர்கள். ஒரே பெயரை நாலைந்து பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதியிருந்தால் அவர் வீட்டுக்கு நேரில் போய் அழையுங்கள். மேடையில் வாசிக்கும் பாராட்டுரையை உங்கள் குழு எழுத வேண்டாம், அந்த மாணவர்கள் எழுதியதையே வாசியுங்கள்.

குழுவில் இதை எதிர்ப்பார்கள். துணைவேந்தர் வந்தால் செய்தி வரும், கூட்டம் வரும் என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். முடிவானதும் எனக்கு எழுதுங்கள்.