அந்தக் குரல் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டலாமா?

கேள்வி: நாவலப்பிட்டியில் உயர்தர வகுப்புக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கிறேன். ‘டவுனில் அந்த ஆட்களுடைய கடைகளில் சாப்பிடாதீர்கள், நம் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்காமலிருக்க மருந்து கலக்கிறார்கள்’ என்றொரு குரல் பதிவு மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. வகுப்பில் போட்டுக் காட்டிப் பொய் என்று விளக்கலாமா? இவற்றை ஆராய்கிறவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள்? – ஓர் ஆசிரியை

பதில்: போட்டுக் காட்ட வேண்டாம், டீச்சர். எழுதி எடுத்து, வரிவரியாகப் பிரித்துக் காட்டுங்கள். அந்தக் குரலின் பதற்றம் காதில் ஏறிவிட்டால் உங்கள் விளக்கம் பாதிதான் ஏறும்.

இந்த மருந்துக் கதை பழையது. 2018 பெப்ரவரி கடைசியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு மாவுக்கட்டி கிடந்தது. மலட்டு மாத்திரை போட்டாயா என்று சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். சிங்களம் சரிவரப் புரியாத கடைக்காரர் பயத்தில் தலையாட்டிவிட்டார். அந்தத் தலையாட்டல் வீடியோவாகிப் பேஸ்புக்கில் ஓடியது; பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுச்சத்துத்தான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு உறுதிசெய்தார். அதற்குள் கதை நம் மலைக்கு ஏறிவிட்டது. கண்டி மாவட்டத் தெல்தெனியவில் வீதித் தகராறில் முஸ்லிம் இளைஞர்களிடம் அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3ஆம் திகதி இறந்தார். அதைத் தொடர்ந்து பக்கத்துத் திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை, 7ஆம் திகதி சமூக ஊடகத் தடை. அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

அதனால்தான் ‘இது பொய்யா?’ என்பதோடு ஆய்வாளர்கள் நிற்பதில்லை. ஆபத்தான பேச்சைப் பற்றி ஆராயும் சூசன் பெனெஷ் ஐந்தைப் பார்க்கச் சொல்கிறார்: சொல்பவர் யார், கேட்பவர் யார், சொன்னது என்ன, ஊர் அப்போது என்ன நிலையில் இருந்தது, எந்த வழியாக வந்தது. திகனயில் நான்காவதுதான் தீக்குச்சி. ஒரு சாவு வீட்டுத் துக்கத்தின் மேல் பழைய வதந்தி வந்து உட்கார்ந்தது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இப்படிப்பட்ட பேச்சு பெரும்பாலும் உண்மையில்தான் தொடங்கும். 1948இல் மலையகத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமை பறிபோனது உண்மை. 1977, 1983 இனக் கலவரங்களில் அடிபட்டது உண்மை. தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வலி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வலியைத் தொட்டுவிட்டு, ‘ஆகவே பக்கத்துக் கடைக்காரன் உன் எதிரி, இப்போதே ஏதாவது செய்’ என்று தாவுகிறார்களே, அந்த ‘ஆகவே’யில்தான் மோசடி இருக்கிறது. வகுப்பு நேரத்தில் பாதியை அந்த ஒரு சொல்லுக்கே கொடுக்கலாம் என்பேன்.

வெறுப்பு மட்டுமே ஆளைச் சேர்க்கும் என்றும் நினைக்காதீர்கள். சார்லி வின்டர் என்ற ஆய்வாளர் 2015இல் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுத இயக்கம் 30 நாட்களில் வெளியிட்டவற்றை ஒன்றுவிடாமல் சேர்த்தார், 1,146 உருப்படிகள். உலகம் கண்டது தலைவெட்டு வீடியோக்களை. ஆனால் அவர் எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் தங்கள் ஆட்சியில் மக்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று காட்டுகிற படங்கள். கண்ணில் குத்துவதை மட்டும் பொறுக்கியிருந்தால் இது தெரிந்திருக்காது.

உங்கள் வகுப்பிலும் அதே முறையைச் செய்யலாம். சில மாதங்களில் வந்த இத்தகைய செய்திகளைத் திரட்டுங்கள். போன் நம்பர், பெயர் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். வந்த திகதி, அதற்கு முன் ஊரில் நடந்தது, யாரைக் குற்றம் சொல்கிறது, என்ன செய்யச் சொல்கிறது என்று நாலு கட்டம் போட்ட தாள் ஒன்று போதும். ஒரே செய்தியை இரண்டு மாணவர்கள் தனித்தனியாக நிரப்பட்டும். விடைகள் முரண்பட்ட இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள்; ஆராய்ச்சியிலும் இரண்டு பேர் தனித்தனியே குறித்துவிட்டுத்தான் ஒப்பிடுவார்கள். மூலப் பதிவு உங்கள் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், யாருக்கும் அனுப்பாதீர்கள். இன, மத வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனை) சட்டப்படி குற்றம்; பாடத்துக்காக அனுப்பினேன் என்று பொலிஸில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

பதிவைக் குழுவில் போட்ட பிள்ளையை வகுப்பில் எழுப்பி விசாரிக்க வேண்டாம். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, ‘இதைக் கேட்டபோது உனக்குப் பயமாக இருந்ததா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அம்மாவுக்கோ தங்கச்சிக்கோ ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில்தான் அனுப்பியிருக்கும்.