வாழ்க்கையில் ஒரு பிடிப்பு இருந்தால் உடம்புக்கும் நல்லது என்கிறார்களே, உண்மைதானா?

கேள்வி கேட்டவருக்கு 47 வயதாம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பையன் காலேஜுக்குப் போய்விட்டான், காலையில் எழுந்திருக்கவே தோன்றவில்லை என்கிறார். பிடிப்பு வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அது உடம்புக்கு நிஜமாகவே ஏதாவது செய்யுமா என்று கேட்டிருக்கிறார்.

செய்யும் என்றுதான் நினைக்கிறேன். நான் அதைப் பார்த்தது என் அம்மிச்சியிடம். (அம்மாவின் அம்மாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

வெள்ளக்கோவில் பக்கம் தோட்டம். 2016ல் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தவறியதும் மாமா அம்மிச்சியை ஈரோட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார், கட்டுத்தரையில் இருந்த மூணு மாட்டையும் ஒரே நாளில் வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காலமெல்லாம் சாணி அள்ளிய கை, இனிமேலாவது சும்மா இருக்கட்டும் என்பதுதான். அத்தை ஒரு டம்ளரைக் கூடக் கழுவ விடமாட்டார்கள். ஆறே மாசத்தில் ஆள் பாதியாகிவிட்டார். பகல் பதினோரு மணிக்குத் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு, சக்கரை ஏறிவிட்டது, மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும் பழக்கம் வேறு. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிதாக ஒன்றுமில்லை என்றார். ஒருநாள் நான் போய் எழுப்பியபோது, "எந்திரிச்சு என்ன கண்ணு பண்றது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். தன் காப்பை அடகு வைத்து ரெண்டாம் ஈத்துச் சிந்து மாடு ஒன்றைக் கன்றோடு வாங்கிக் கட்டினார். மாமா மூணு மாசம் பேசவில்லை.

இப்போது 82 வயது. நாலு மணிக்கு விளக்கைப் போட்டால் முதலில் போவது கட்டுத்தரைக்குத்தான். புறங்கையைக் கன்றின் மூக்கில் வைத்துப் பார்ப்பார், ஈரமாக இருக்கிறதா என்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, ஆனால் பால் சொசைட்டி அட்டையில் கொழுப்பு 4.3க்குப் பதில் 3.9 என்று விழுந்துவிட்டால் அந்தப் பையனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். "என்ற மாட்டுப் பாலு என்னைக்கு நாலுக்குக் கீழ போயிருக்குது, நானா தண்ணிய ஊத்துனன்?"

முட்டிவலி போகவில்லை, சக்கரையும் போகவில்லை. ஆனால் மாத்திரையை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. "நான் படுத்துட்டா மாட்டுக்கு யாரு சோளத்தட்டுப் போடறது?" என்று தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

இந்தக் கடைசி விஷயம் ஆராய்ச்சியிலும் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாழ்க்கையில் பிடிப்பு அதிகம் உள்ளவர்கள் கொலஸ்ட்ரால் போன்ற பரிசோதனைகளைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்கிறார்கள் என்று 2014ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. 2019ல் வந்த இன்னொன்றில், 50 வயது தாண்டிய கிட்டத்தட்ட 7,000 அமெரிக்கர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிடிப்பு மிகக் குறைவு என்று பதில் சொன்னவர்களுக்கு, மிக அதிகம் என்றவர்களைவிட இறக்கும் அபாயம் சுமார் 2.4 மடங்கு. ஜப்பானில் மியாகி மாகாணத்தில் 43,000 பேருக்கு மேல் ‘இகிகாய்’ (எழுந்திருக்க ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு ஏழு வருஷம் பின்தொடர்ந்து, முடிவை 2008ல் வெளியிட்டார்கள். இல்லை என்றவர்களுக்கு இதயம், ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட சாவும் விபத்து மாதிரியான சாவும் கூடுதலாக இருந்தது. புற்றுநோயில் அந்த வித்தியாசம் இல்லை. அதனால் பிடிப்பு இருந்தால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

ஒரு சந்தேகம் நியாயமானது. உடம்பு ஏற்கெனவே கெட்டவருக்குத்தானே பிடிப்பு விட்டுப்போகும், எது முதலில்? ஆய்வு செய்தவர்கள் ஏற்கெனவே இருந்த நோய்களையும் கணக்கில் சேர்த்துத்தான் பார்த்தார்கள், இருந்தாலும் இந்தக் கேள்வி முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. எங்கள் அம்மிச்சி விஷயத்தில் மாடு போனது முதலில், உடம்பு போனது பிறகு. ஒரு ஆளை வைத்து நிரூபிக்க முடியாது, சரி, ஆனால் கண்ணால் பார்த்ததை என்ன செய்வது?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராகப் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். ஷிப்மென்ட் தேதிதான் உயிர் என்று ஓடுவேன். கன்டெய்னர் கிளம்பிய அன்றைக்குச் சாயங்காலம் ஒரு வெறுமை வரும், மறுநாள் அடுத்த ஆர்டர் வந்து அதை மூடிவிடும். உங்கள் வீட்டுக் கடனும் அப்படி ஓட வைத்த ஒன்று என்று நினைக்கிறேன். முடிந்ததும் கீழே ஒன்றும் இல்லை. பெரிய லட்சியம் எதையும் தேட வேண்டாம். நீங்கள் ஒருநாள் போகாவிட்டால் யாருக்கோ எதற்கோ குறை விழ வேண்டும், அவ்வளவு இருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு வாரம் மூணு நாள் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை குளக்கரையைச் சுத்தம் செய்யப் போகும் கூட்டமாக இருக்கலாம். ரெண்டு வாரத்தில் பலன் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எழுந்திருக்கத் தோன்றாதது வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். மனச்சோர்வுக்கு மாடு வாங்கிக் கட்டுவது வைத்தியம் கிடையாது.

மாமா இப்போது பேசுகிறார். வரும்போதெல்லாம் அட்டையை எடுத்துப் பார்த்து, புண்ணாக்கு விற்கிற விலைக்கு இந்தப் பால் கட்டுபடியாகாது என்று அம்மிச்சியிடம் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கணக்கு சரிதான்.