கைக்குழந்தையுடன் ஜெர்மனியில் முதல் குளிர்காலம்: ஒரு பதில்

அன்புச் சகோதரிக்கு,

கணவரின் வேலைக்காக ஆகஸ்டில் ஷ்டுட்கார்ட்டுக்கு வந்ததாகவும், இரண்டேகால் வயது மகனையும் ஐந்து மாத மகளையும் வைத்துக்கொண்டு காலை எட்டு மணி முதல் மாலை ஆறரை வரை பேச ஆளின்றி வீட்டுக்குள்ளேயே இருப்பதாகவும், வரப்போகும் குளிர்காலத்தை நினைத்தால் பயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மகனைக் 'கீட்டா' என்னும் மழலையர் காப்பகத்தில் சேர்க்கலாமா, வீட்டில் அவனோடு ஜெர்மன் பேச வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவில், "ஊரில் என்னால் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?" என்று ஒரு வரி இருந்தது. அதற்குத்தான் முதலில் பதில் எழுதத் தோன்றுகிறது.

ஊரில் நீங்கள் தனியாகச் செய்யவில்லை; அதனால் முடிந்தது. நீங்கள் குளிக்கப் போனால் குழந்தையை வாங்கிக்கொள்ள அம்மா இருந்தார். பெரியவனைத் திண்ணையில் உட்காரவைத்துச் சோறூட்ட யாரோ ஒரு சித்தியோ அத்தையோ இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பத்துக் கைகள் செய்த வேலையை இங்கே இரண்டு கைகள் செய்கின்றன. அந்தக் கைகளை இங்கே நாமாகத்தான் தேடிச் சேர்க்க வேண்டும், அதற்கு வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும் என்பதை நான் புரிந்துகொள்ள ஒன்றரை வருடம் ஆயிற்று.

நாங்கள் 2014 இல் வந்தோம். மகனுக்கு அப்போது எட்டு மாதம். ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு சிறு மரப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்த எழுத்து எனக்குப் புரியவில்லை. இரவில் குழந்தை அழுவதைப் பற்றிய புகார் என்றே முடிவு கட்டிக்கொண்டு, வெளியூர் போயிருந்த கணவர் திரும்பும் வரை இரண்டு நாள் கதவைத் திறக்காமல் இருந்தேன். அந்த வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைக்கும் முறை எங்களுடையது என்பதைத் தெரிவிக்கும் 'கேர்வோஹே' பலகை அது. நீங்கள் இருக்கும் சுவேபியப் பகுதியின் வழக்கம். திங்கட்கிழமை கீழ்த்தளத்துப் பாட்டி வந்து, எந்தப் படி வரை துடைக்க வேண்டும் என்று கைச்சாடையில் காட்டிவிட்டு, நான் துடைத்து முடிக்கும் வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். இந்த நாட்டில் என் குழந்தையை வாங்கிக்கொண்ட முதல் கை அவருடையது.

ஆகவே, ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு தினமும் வெளியே இறங்குங்கள். டிசம்பரில் அங்கே எட்டு மணிக்கு மேல்தான் விடியும், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மதியத் தூக்கம் முடிந்து எழுந்தால் வெளிச்சம் போய்விட்டிருக்கும் என்பதால், காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரையுள்ள பொழுதை விட்டுவிடாதீர்கள். சமையல் காத்திருக்கட்டும். முதலில் நீங்கள் உடுத்திக்கொள்ளுங்கள், பிறகு பெரியவன், கடைசியில்தான் கைக்குழந்தை. இல்லையென்றால் கனத்த ஆடைக்குள் வியர்த்து, கதவைத் தாண்டுவதற்குள் அழத் தொடங்கிவிடுவாள். பஸ்ஸில் ஏறியதும் அவளுடைய மேலாடையின் ஜிப்பைத் திறந்துவிட மறக்க வேண்டாம். பெரியவனுக்கு 'மாட்ஷ்ஹோஸே' என்னும் சேற்றுக்கால்சட்டை ஒன்று வாங்குங்கள். மழை நாளிலும் அவன் சறுக்குமரத்தின் அடியில் தேங்கிய நீரில் உட்காரலாம், நீங்களும் பதற வேண்டியதில்லை. வெயில் குறைவு என்பதால் கைக்குழந்தைகளுக்கு இங்கே தினமும் வைட்டமின் டி தரச் சொல்வார்கள். அதையும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்றால், 'க்ராபல்குருப்பே' என்னும் தவழும் குழந்தைகளின் கூட்டங்கள் தேவாலய மண்டபங்களிலும் குடும்ப மையங்களிலும் வாரம் ஒருமுறையாவது நடக்கும். யாரும் மதம் கேட்பதில்லை. ஜெர்மன் தெரிந்த பிறகு போகலாம் என்று நான் தள்ளிப்போட்டதுதான் என்னுடைய பெரிய தவறு. அங்கே கேட்கப்படும் கேள்விகள் இரண்டே இரண்டு: எத்தனை மாதம், இரவில் தூங்குகிறாளா? இரண்டாவது கேள்விக்குத் தலையை ஆட்டினாலே போதும், எதிரே இருப்பவரும் அதே களைப்போடு சிரிப்பார்.

கீட்டாவைப் பொறுத்தவரை, ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்ட் முதல் இருக்கிறது. ஆனால் உரிமைக்கு ஏற்ற அளவுக்கு இடங்கள் இல்லை. சேர்க்கலாமா என்று யோசிப்பதைப் பிறகு வைத்துக்கொண்டு, இன்றே இரண்டு குழந்தைகளின் பெயரையும் பதிந்துவிடுங்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்கான சான்று 2020 மார்ச் முதல் கட்டாயம், இரண்டு வயதுக்கு மேல் இரண்டு தவணை. ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி இங்குள்ள மஞ்சள் நிற அட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என் மகனின் இடது தோளில் இருந்த பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசித் தழும்பைப் பார்த்து, இது என்ன காயம் என்று ஓர் இளம் மருத்துவர் விசாரித்தார். 1998 முதல் இங்கே அந்த ஊசியைப் பரிந்துரைப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் மகனுக்கு 34 முதல் 36 மாதத்துக்குள் யூ7ஏ என்னும் குழந்தை நலப் பரிசோதனை வரும். புதிய குழந்தைகளை ஏற்காத மருத்துவர்கள் பலர் இருப்பதால் இப்போதே ஒருவரைப் பிடித்துவையுங்கள். இடம் கிடைத்த பிறகும், முதல் சில நாள் நீங்களும் வகுப்பறையில் உட்கார்ந்திருந்து, பிறகு சிறிது சிறிதாக விலகும் 'ஐன்கெவோனுங்' காலம் உண்டு. இரண்டு மூன்று வாரமாவது ஆகும். கைக்குழந்தையோடு அது சிரமம். அந்த வாரங்களில் கணவர் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும்.

வீட்டில் தமிழே பேசுங்கள். "ஜெர்மனில் பேசினால்தான் பிள்ளை பின்தங்க மாட்டான்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஆறு மாதம் என் உடைந்த ஜெர்மனில் மகனோடு பேசினேன். கொஞ்சவும் தெரியவில்லை, கண்டிக்கவும் தெரியவில்லை. நாலு வயதில் கீட்டாவிலிருந்து வந்தவன், நான் பாலுக்கான சொல்லின் பாலைத் தவறாக வைத்து 'டாஸ் மில்ஷ்' என்றதைக் கேட்டு, "டீ மில்ஷ், அம்மா" என்று நிதானமாகத் திருத்தினான். அன்றோடு என் ஆசிரியப் பணி முடிந்தது. ஜெர்மனைக் கீட்டா கற்றுக்கொடுத்துவிடும், தமிழைக் கற்றுக்கொடுக்க உங்கள் வீட்டில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். எழுத்துப் படிக்கும் வயது வந்ததும், ஈழத்தமிழர்கள் பல நகரங்களில் நடத்திவரும் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகள் கைகொடுக்கும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: கிண்டர்கெல்ட் என்னும் குழந்தை உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லையென்றால் உடனே அனுப்புங்கள். 2026 இல் அது குழந்தை ஒன்றுக்கு மாதம் 259 யூரோ. தாமதித்தால் முந்தைய ஆறு மாதத்துக்கு மட்டுமே தருவார்கள். சிறியவளுக்கான எல்டர்ன்கெல்ட் என்னும் பெற்றோர் உதவித்தொகை, உங்கள் தங்கும் அனுமதியின் வகையைப் பொறுத்து, வேலைக்குப் போகாத தாய்க்கும் மாதம் 300 யூரோ கிடைக்கக்கூடியது. தாமதித்தால் அதை முந்தைய மூன்று மாதத்துக்குத்தான் தருவார்கள்.

குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை தந்தைக்கும் எல்டர்ன்ட்சைட் என்னும் பெற்றோர் விடுப்பு உரிமை உண்டு, ஏழு வாரம் முன்பே எழுதிக் கொடுத்தால் போதும். என் கணவர் அலுவலகத்தில் என்ன நினைப்பார்களோ என்று தயங்கினார்; அங்கிருந்த ஆண்கள் பலரும் ஏற்கெனவே எடுத்தவர்கள். மகள் பிறந்தபோது அவர் எடுத்த இரண்டு மாதத்தில்தான், பகல் என்பது எத்தனை நீளம் என்று அவருக்கும் தெரிந்தது.

அம்மாவை வரவழைப்பதாக இருந்தால் நவம்பருக்கு அழையுங்கள். வருகை விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். எல்லாரும் வெயில் காலத்தில் ஊர் சுற்றிக் காட்ட அழைப்பார்கள், நானும் அப்படித்தான் செய்து, அம்மா ஊர் திரும்பிய மறுமாதமே இருட்டில் தனியே மாட்டிக்கொண்டேன்.

கடைசியாக, ரயில் நிலையத்தில் லிஃப்ட் பழுதாகி, தள்ளுவண்டியோடு படியின் கீழே நிற்க நேரும். பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்து நிற்காமல், ஒருவருடைய முகத்தைப் பார்த்து "கோனன் ஸீ மியர் ஹெல்ஃபன்?" (எனக்கு உதவ முடியுமா?) என்று கேளுங்கள். முன்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே வருவார். நீங்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் திரும்பிப் பாராமல் போயும் விடுவார். கோபமில்லை, அவருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கும்.