கேளுங்கள், சொல்கிறேன்: மானுக்குத் தோல் தடித்துவிட்டதா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகன் மான் வேட்டைக்கு ‘6.8 வெஸ்டர்ன்’ என்ற புதுத் தோட்டா போடும் ரைஃபிள் வாங்கப் போகிறானாம். கையில் ஏற்கெனவே .30-06 தோட்டா போடும் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. ராணுவத் தோட்டாக் கிடங்கில் இருந்தவர் நீங்கள். புதியதில் அப்படி என்ன இருக்கிறது, ஐயா?
– வாசகர், தென்காசி

பதில்: பெயர்தான் 6.8. குண்டின் விட்டம் 0.277 அங்குலம். 1925இல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்த .270 தோட்டாவுக்கும் அதே விட்டம்தான். பிறகு கூட்டை, அதாவது மருந்து அடைக்கும் பித்தளை உறையை, குட்டையாக்கி, பருமனாக்கி ‘.270 டபிள்யூ.எஸ்.எம்.’ என்று விற்றார்கள். 2021இல் அதையும் கொஞ்சம் குறுக்கி, நீளமும் கனமுமான குண்டைச் செருகியதுதான் உங்கள் பையன் ஆசைப்படுவது.

நீளக் குண்டு காற்றில் அவ்வளவாக ஒதுங்காது, வாஸ்தவம். அது 600 கஜத்துக்கு அப்பால் சுடுகிறவன் கவலை. டெக்சாஸில் பலரும் சோளம் கொட்டி வைத்து, மறைப்பில் உட்கார்ந்து, நூறு கஜம் சொச்சத்தில் சுடுகிறார்கள். அதற்கு 1906இல் வந்த .30-06 தாராளம். இத்தனை வருஷத்தில் மானுக்குத் தோல் ஒன்றும் தடித்துவிடவில்லை.

எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்ட ரைஃபிள் பேரன் காலம்வரை சுடும். கம்பெனிக்கு அதுதான் இடைஞ்சல். புதுத் தோட்டா வந்தால்தான் புதுத் துப்பாக்கி விற்கும்.

உதாரணம் சொல்கிறேன். 2003இல் க்ளாக் என்ற கைத்துப்பாக்கிக் கம்பெனிக்காக ‘.45 கேப்’ என்ற தோட்டா வந்தது. பழைய .45 ஏ.சி.பி. தோட்டா செய்யும் வேலையேதான், கூடு மட்டும் குட்டை. கைப்பிடி சின்னதாகும் என்பதே லாபம். நியூயார்க், பென்சில்வேனியா மாநிலப் போலீஸ்கூட வாங்கினார்கள், பிறகு கைவிட்டார்கள். இன்று அந்தத் துப்பாக்கிக்காரர் தோட்டாவுக்கு அலைகிறார். 2020இல் அமெரிக்காவில் தட்டுப்பாடு வந்தபோதும் ஆலைகள் அதிகம் விற்கும் ரகங்களைத்தான் முதலில் ஓட்டின.

கிடங்கில் எஸ்.எல்.ஆர். என்ற பழைய ராணுவ ரைஃபிளின் தோட்டாவும் 7.62 மி.மீ., ஏ.கே.-47 தோட்டாவும் 7.62 மி.மீ. ஒன்று மற்றதில் போகாது. ஒரு ரகம் கூடினால் கிடங்குக்காரனுக்கு என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

எல்லாப் புதுசும் வெட்டி என்று சொல்லமாட்டேன். 2007இல் வந்த 6.5 க்ரீட்மோர் தோட்டாவுக்கு உதைப்பு குறைவு, குறி சுத்தம், நின்றுவிட்டது. ஸ்வீடன்காரர்கள் 1890களிலிருந்தே 6.5 மி.மீ. வைத்துக்கொண்டு சிரிப்பார்கள், அது வேறு.

அவன் ஊர்க் கடையில் அந்தத் தோட்டாவை எத்தனை கம்பெனி செய்கிறது, 20 கொண்ட டப்பா என்ன விலை என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகும் வாங்கினால் அவன் காசு. அந்த .30-06ஐ மட்டும் விற்கவிடாதீர்கள்.