கோஃபண்ட்மீயில் படிப்புக்குப் பணம் திரட்டலாமா?

தம்பி, செப்டம்பரில் மான்செஸ்டர் வந்து முதுகலையில் சேர்ந்தீர்கள். பாதிக் கட்டணம் கட்டியாயிற்று. ஊரில் அப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது, மீதி 9,000 பவுண்டுக்கு வழியில்லை. இணையத்தில் நன்கொடை திரட்டும் தளமான கோஃபண்ட்மீயில் திரட்டினால் விசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

திரட்டலாம். மாணவர் விசாவில் இருப்பவர் அன்பளிப்பாகப் பணம் வாங்கத் தடையில்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளைக்கே பல்கலைக்கழகத்தின் ஃபைனான்ஸ் ஆபீசுக்கு எழுதுங்கள். தவணைத் தேதிக்கு முன்பு போகும் கடிதத்துக்கு இருக்கிற மதிப்பு, தேதி தாண்டிப் போகும் கடிதத்துக்குக் கிடையாது. கட்டணம் நிலுவையிலேயே நின்றால் பல்கலைக்கழகம் உங்கள் பதிவை ரத்து செய்துவிடக்கூடும். ரத்து செய்தால் உள்துறை அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பிறகு விசாவைச் சுருக்கி, பெரும்பாலும் 60 நாளில் கிளம்பச் சொல்வார்கள். நன்கொடை சேரும் வரை அந்தத் தேதிகள் நிற்காது. அதனால் மீதியைச் சிறு தவணைகளாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்தில் போய், பணக்கஷ்டத்தில் இருக்கும் மாணவருக்குத் தரும் ஹார்ட்ஷிப் ஃபண்ட் வெளிநாட்டு மாணவருக்கும் உண்டா என்று விசாரியுங்கள். பல பல்கலைக்கழகங்களில் உண்டு. சேரும்போது கையில் பணம் இருந்தது, பிறகுதான் நிலைமை மாறியது என்று காட்டச் சொல்வார்கள். உங்கள் நிலைமை அதற்குச் சரியாகப் பொருந்துகிறது, அப்பாவின் வங்கிக் கணக்கு விவரத்தை இப்போதே வாங்கி வையுங்கள்.

அடுத்து, கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பேராவூரணிக்காரர் நீங்கள், ஆடி மாத மொய் விருந்து தெரியாமலா இருக்கும்? அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு லட்சக்கணக்கில் மொய் எழுதுகிறார்கள், வாங்குபவரை யாரும் பிச்சைக்காரனாகப் பார்ப்பதில்லை. நோட்டில் பெயரும் தொகையும் ஏறுகிறது, நாளைக்குத் திருப்பிச் செய்வார் என்று ஊருக்கே தெரியும். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதி, கொடுத்த எல்லோருக்கும் ரசீதோடு அனுப்புங்கள். இன்னொன்று, மொய் எழுதுபவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். இதிலும் அப்படித்தான். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் உங்கள் கோஃபண்ட்மீ பக்கத்தைப் பார்த்துவிட்டு அள்ளிக் கொடுப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். கல்லூரி சீனியர்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள், பழைய அலுவலக நண்பர்கள் என்று ஒவ்வொருவராகப் போன் செய்து பேசுங்கள். குழுவில் லிங்க் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் கும்பிடு எமோஜிதான் வரும்.

அந்தப் பக்கத்தில் 'என் கனவுக்கு உதவுங்கள்' என்று எழுத வேண்டாம். இப்படி எழுதுங்கள்: 'மீதி 9,000 பவுண்டு. தவணை கேட்டிருக்கிறேன். ஜனவரி 31-க்குள் 2,500 கட்ட வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.' சிறிய தொகையும் ஒரு தேதியும் இருந்தால் கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று புரியும். பல்கலைக்கழக பில்லைப் போடலாம், மாணவர் எண்ணை மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு நன்கொடையிலும் கோஃபண்ட்மீ 2.9 சதவீதமும் 25 பென்ஸும் பிடித்துக்கொள்ளும். 100 பவுண்டு கொடுத்தால் உங்களுக்கு வருவது 96.85. 'டிப்' என்று தனியாகக் கேட்பது கட்டாயமில்லை, அதைச் சுழியமாக்கலாம் என்று கொடுப்பவர்களிடம் சொல்லுங்கள்.

ஊரில் இருப்பவர்கள் ஜிபே மாதிரி யுபிஐ வழியாக இதில் கொடுக்க முடியாது. அப்பா கணக்கில் போடுவார்கள். அங்கே ஒரு வரிச் சிக்கல் இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், மொத்தத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும். அப்பா, அம்மாவின் உடன்பிறந்தவர்கள் கொடுப்பதற்கு இது பொருந்தாது. நண்பர்களும் ஒன்றுவிட்ட உறவுகளும் கொடுப்பதற்குப் பொருந்தும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள்.

கொடுப்பவர்களுக்குக் கைமாறாக எதுவும் செய்து தருவதாகப் பக்கத்தில் எழுதவே எழுதாதீர்கள். '50 பவுண்டு கொடுத்தால் படம் வரைந்து தருகிறேன், ஆன்லைனில் கோடிங் சொல்லித் தருகிறேன்' என்றால் அது சுயதொழிலாகப் பார்க்கப்படலாம். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு இடமில்லை. பகுதி நேர வேலையும் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். முதுகலைக்குப் பெரும்பாலும் கோடையும் பாடக்காலமாகவே கணக்காகும். கஷ்டத்தில் இருப்பவனைத்தான் 'ரொக்கமாக வாங்கிக்கொண்டு கூடுதல் மணி நேரம் செய்' என்று கூப்பிடுவார்கள், போகாதீர்கள்.

பக்கம் திறந்ததும் வாட்ஸப்பில் யாராவது வருவார்கள்: 'உங்கள் கட்டணத்தை என் கார்டில் கட்டுகிறேன், பத்து சதவீதம் தள்ளுபடி, ரூபாயை சென்னையில் என் ஆளிடம் கொடுங்கள்.' அது திருட்டுக் கார்டு. கட்டியதுபோல் ரசீது வரும், சில வாரத்தில் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சென்னையில் கொடுத்த ரூபாய் போய்விடும், கட்டணம் அப்படியே நிற்கும், விசாரணையும் உங்கள் மேல் வரும்.

ஃபைனான்ஸ் ஆபீஸ் என்ன பதில் சொல்கிறது என்று தெரிந்ததும் எழுதுங்கள். எவ்வளவு கேட்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தைத் திறக்கும் முன் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.