அத்தைக்கு வந்த புற்றுநோய் எனக்கும் வருமா?

பெரிய அத்தை சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். சின்ன அத்தைக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய். அம்மா வழியில் யாருக்கும் இல்லாததால் எனக்குப் பயமில்லை என்கிறார்கள். சரியா?
– வாசகி, மன்னார்குடி

சரியில்லை. மார்பகப் புற்றுநோய்களில் 100க்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருபவை. ஆனால் உங்கள் குடும்பத்தில் அந்தச் சந்தேகம் வலுவாக இருக்கிறது. மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோயை வரவழைக்கக்கூடிய பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களின் பழுது ஆண் வழியாகவும் இறங்கும். அப்பாவுக்கு நோயே வராமல் பழுது மட்டும் இருக்கலாம். இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பழுதுள்ள பெண்களில் 100க்கு ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது.

மரபணுப் பரிசோதனைக்கு முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் சின்ன அத்தை. அவரிடம் எந்தப் பழுது என்று தெரிந்தால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்தாலும் நம்ப முடியும்.

அந்த அத்தை மகனுக்கே என்னைப் பேசுகிறார்கள். செய்யலாமா?
– அதே வாசகி

அத்தையின் முடிவு வரும்வரை தேதி குறிக்க வேண்டாம். பழுது பி.ஆர்.சி.ஏ.2இல் இருந்து, அது உங்கள் இருவரிடமும் இருந்தால், பிறக்கும் குழந்தை இரண்டு பழுதையும் வாங்கிக்கொள்ள நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி வாங்கும் குழந்தைக்கு ஃபேன்கோனி ரத்தசோகை என்னும் கொடிய நோய் வரும். சிறு வயதிலேயே எலும்பு மஜ்ஜை செயலிழக்கக்கூடும், புற்றுநோயும் வரக்கூடும்.

வரன் தட்டிப்போகும் என்று அத்தையின் நோயைப் பெண்பிள்ளைகளிடமே மறைக்கும் வீடுகளைத் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. பழுது இருப்பது தெரிந்தால் 25 வயதிலிருந்தே ஆண்டுக்கொருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டியைக் கடுகளவில் பிடிக்கலாம். தெரியாத பெண் அது எலுமிச்சையளவு ஆன பிறகு வருகிறாள்.

தாத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாய்ப்புற்று. பரம்பரையா?
– வாசகர், கும்பகோணம்

இருவரும் வெற்றிலை, சீவல், புகையிலை போடுபவர்களா? ஆம் என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்டது. நீங்களும் போடுபவரானால் கண்ணாடி முன் நின்று மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி வாயில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், அல்லது வாய்ப்புண் இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால், உடனே மருத்துவரிடம் போங்கள்.

அப்பாவுக்கு 44 வயதில் பெருங்குடல் புற்றுநோய், பாட்டிக்குக் கருப்பையில். எனக்கு 29.
– வாசகர், வேதாரண்யம்

பெருங்குடலிலும் கருப்பையிலும் புற்றுநோயை வரவழைக்கக்கூடிய லிஞ்ச் என்னும் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அது உள்ளவர்கள் 20–25 வயதிலேயே கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். காலம் கடத்தாதீர்கள். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனையில் அவருடைய திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.