பழைய நாவலை அப்படியே ஸ்கேன் செய்து அச்சிட்டால் போதுமா?

சென்ற நூற்றாண்டு நாவல் ஒன்றை ஸ்கேன் செய்து அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

முதலில் பதிப்புரிமையைப் பாருங்கள். ஆசிரியர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டுகள் கழிய வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனிக்கணக்கு.

சரி, அது சீக்கிரம் முடிந்துவிடும். ஆளை உட்கார வைப்பது மூலப்பிரதிதான். பத்திரிகைத் தொடராக வந்ததும் முதல் பதிப்பும் பல நேரம் ஒன்றாக இருக்காது, ஆசிரியரே வெட்டி ஒட்டியிருப்பார், அப்புறம் வந்த மலிவுப் பதிப்பில் ஒரு பத்தியே விழுந்திருக்கும், அதனால் கிடைக்கிற பதிப்புகளையெல்லாம் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டே ஆக வேண்டும். ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றித் தரும் எழுத்துணரி மென்பொருளை (OCR) நம்பாதீர்கள். தேய்ந்த அச்சில் துணைக்காலை ‘ர’ என்று படித்துவிடும். ‘நாகம்’ ‘நரகம்’ ஆகிவிடும். இரண்டும் சரியான சொல் என்பதால் பிழைதிருத்தியும் பிடிக்காது, கண்ணால் படித்தால்தான் தெரியும்.

எழுத்துமுறையை இன்றைக்கு ஏற்ப மாற்றலாம், சொற்களைத் தொடக்கூடாது. புரியாத சொல்லுக்குச் சின்ன அடிக்குறிப்பு போதும். கதையை உடைக்கிற முன்னுரையைக் கடைசியில் போடுங்கள், புதிதாகப் படிப்பவர் பாவம்.

விற்குமா என்கிறீர்களா? அமெரிக்க எழுத்தாளர் ஜான் வில்லியம்ஸின் ‘ஸ்டோனர்’ 1965-இல் வந்து மறக்கப்பட்ட நாவல். 2000-களில் மறுபதிப்பு வந்த பிறகுதான் ஐரோப்பா முழுக்கத் தேடித்தேடி வாங்கினார்கள்.